கொக்கு மார்க் இருமல்

காஜா பேராங்கில் தேவதாஸின் வீடு எது என்று கேட்டால் அந்தக் காலத்தில் எல்லாரும் கையை விரிப்பார்கள். இருமல் தேவதாஸ் என்று கேட்டால் வாசல் வரை கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். பட்டப்பெயர் பெரும்பாலும் ஒரு குறையை வைத்துத்தான் வரும். இவருக்கு மட்டும் திறமையை வைத்து வந்தது. மலாக்கா டவுனில் அவரைப் போல இருமக்கூடியவர் வேறொருவர் கிடையாது. கேட்பவனுக்கு நெஞ்சு வலிக்கும், அப்படி இருமுவார்.

அதே மனிதர் பிற்காலத்தில் தொண்டையில் மீன் முள் சிக்கினால்கூட இருமமாட்டார். கண்ணில் நீர் முட்ட எச்சிலை விழுங்கி விழுங்கி அடக்கிக்கொள்வார். ஆஸ்பத்திரி வேனில் மைக்கைப் பிடித்து, டீபி சோதனைக்கு வாருங்கள் என்று ஊர் ஊராகக் கூப்பிடும் வேலையில் அப்போது இருந்தார். பழைய ஆட்கள் சிலர், "ஒரு தடவை இருமிக் காட்டுங்கண்ணே, கூட்டம் தானா வரும்" என்று கேட்பார்கள். தேவதாஸ் மைக்கை அணைத்துவிட்டு வேனின் மறுபக்கம் போய் நின்றுகொள்வார்.

அவர் குருபோங் பக்கத்துக் கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பால் வெட்டும் வேலைக்கு உடம்பு வணங்கவில்லை, வாய் மட்டும்தான் வணங்கியது. ஒரு வருஷம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் காணாமல் போன பிள்ளையைப் பற்றி அறிவிக்க அவரை மேடைக்கு ஏற்றினார்கள். பிள்ளை கிடைத்த பிறகும் அவர் இறங்கவில்லை. திருவிழாவுக்கு வந்திருந்த ராஜரத்தினம் முதலாளி அந்தக் குரலைக் கையோடு டவுனுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

முதலாளி காஜா பேராங்கில் தம் வீட்டுப் பின்கட்டில் 'கொக்கு மார்க் இருமல் மருந்து' செய்துகொண்டிருந்தார். அதிமதுரம், ஆடாதோடை, சீனிப்பாகு, வாசனைக்குக் கொஞ்சம் பெப்பர்மிண்ட். தொண்டைக் கரகரப்புக்கு இதமாக இருக்கும். சாதாரணச் சளிக்குக் கொஞ்சம் கேட்கும். அதற்கு மேல் அந்தக் கொக்கிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. அண்டாவில் காய்ச்சுவதைக் கண்ணால் பார்த்த தேவதாஸுக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் மருந்து விற்கும் வேனின் பின்கதவைத் திறந்து பெட்டிமேல் ஏறி நின்றுவிட்டால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும்.

"காசம் கரையும்! ஈளை இறங்கும்! எலும்புருக்கி எழுந்து ஓடும்! டாக்டர் கைவிட்டாலும் கொக்கு கைவிடாது!"

தோட்டத்துச் சம்பள நாள் என்றால் போதும், பாட்டில்கள் கைக்குக் கை பறக்கும். அப்படியொரு சம்பள நாளில் புக்கிட் பாரு பக்கம் கூட்டத்தில் நின்று வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள்தான் காமாட்சி. ஈளைக்காரரான அப்பாவுக்கு ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போனாள். வெயில் காலம் வந்ததும் அவருக்கு மூச்சிரைப்பு தானாகக் குறைந்தது. பெயர் கொக்குக்குப் போனது, பெண் தேவதாஸுக்கு வந்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகாவது அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்ததும் உண்டு. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் காமாட்சி கோப்பியை வைக்கும் முன்பே, "எங்க வீட்டுக்காரர் எத்தனை உசிரைக் காப்பாத்தியிருக்கார் தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவாள். தன்னை அண்ணாந்து பார்க்கும் கண்ணுக்கு முன்னால் தானே கீழே இறங்கிக்கொள்ள எந்த ஆண்பிள்ளைக்கு மனசு வரும்? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். தள்ளிப்போட்டது பழகியும் போய்விட்டது.

நாடு சுதந்திரம் அடைவதற்கு முந்தின வருஷம், மருந்து விளம்பரங்களுக்கு என்று கோலாலம்பூரிலிருந்து ஒரு சட்டம் வந்தது. இன்னின்ன நோயை இந்த மருந்து குணப்படுத்தும் என்று யாரும் விளம்பரம் செய்யக் கூடாது. நீரிழிவு, புற்று, வலிப்பு, ஈளை என்று நீண்ட வரிசையில் காசநோயும் இருந்தது.

முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. வீட்டோடு சேர்ந்த கடையின் முன்னறையில் அவரும் தேவதாஸும் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய் வார்டில் டிரெஸ்ஸராக, அதாவது டாக்டருக்கு உதவியாளராக இருந்த ஜெயபாலனும் வழக்கம்போல மாலைக் கோப்பிக்கு வந்திருந்தார்.

"சாமான் விக்கிறவன் சாமானைப் பத்திப் பேசாம மழையைப் பத்தியாய்யா பேசுவான்?" என்று முதலாளி மேஜையைத் தட்டினார். "அடுத்த வருஷம் மெர்டேக்கா, சுதந்திரம். வெள்ளைக்காரன் போனப்புறம் மருந்தெல்லாம் நாமதானே செய்யணும்? குருபோங்ல நிலம் பார்த்து வெச்சிருக்கேன். மிஷின் போட்டு, சிங்கப்பூருக்கே சரக்கு அனுப்பலாம்னு இருக்கேன். இந்த நேரம் பார்த்து வாய்க்குப் பூட்டு போடறானுங்க!"

ஜெயபாலன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "மிஷின் போடறதுக்கு முன்னால பரீட்சை பாஸ் பண்ண மருந்தாளர் ஒருத்தரை வையுங்க முதலாளி. பாட்டில்ல என்ன இருக்குன்னு லேபல்ல எழுதுங்க. இருமல் மருந்தை இருமல் மருந்துன்னு சொல்லியே வில்லுங்க, அதை யாரு தடுத்தா? இனிமே இந்த நாட்டுல மருந்துத் தொழில் அப்படித்தான் நடக்கப்போவுது. டீபிக்கு இப்ப ஊசி வந்திருச்சு, மாத்திரை வந்திருச்சு, ஆஸ்பத்திரில சும்மாவே குடுக்கறாங்க. உங்க பாட்டிலை நம்பி வீட்டுலயே உக்காந்துட்டு, நுரையீரல் ரெண்டு பக்கமும் அரிச்சுப்போனப்புறம் வர்றாங்க. நாங்க என்ன பண்ணுவோம், சொல்லுங்க?"

முதலாளி தேவதாஸின் முகத்தைப் பார்த்தார். தேவதாஸ் சொல்லி அவர் கேட்காமல் போனதில்லை. 'ஜெயபாலன் சொல்றது சரிதான்' என்ற ஒரு பேச்சு அந்த நேரத்தில் வாயிலிருந்து விழுந்திருந்தால் எல்லாமே வேறாகியிருக்கும். சுதந்திர நாட்டில் கொக்கு ஒரு யோக்கியமான இருமல் மருந்தாகப் பிழைத்திருக்கும். இதைப் பிற்காலத்தில் தேவதாஸ் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளாத நாளில்லை. ஆனால் அன்றைக்கு அவருக்குள் இருந்த கெட்டிக்காரன் முந்திக்கொண்டான்.

"நோய்ப் பேரைச் சொல்லத்தானே முதலாளி கூடாது?" என்றார். "இருமலாம் இல்ல?"

சொல்லிவிட்டு எழுந்து நின்று தோளைக் குறுக்கினார். கைக்குட்டையை வாயில் பொத்தி, அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்து இருமினார். அண்டைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இருமி முடித்த தேவதாஸ் கண்ணைச் சிமிட்டி, "கைக்குட்டையில ரோஸ் சிரப் ரெண்டு சொட்டு விட்டுட்டா இன்னும் பொருத்தமா இருக்கும்" என்றார்.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். ஜெயபாலன் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "இது பாவம்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்து தேவதாஸ் பெட்டிமேல் ஏறினால் எந்த நோயின் பெயரையும் சொல்வதில்லை. "ஒரு அண்ணன் இருந்தாருங்க, நல்ல உழைப்பாளி" என்று ஆரம்பிப்பார். அண்ணன் ஒரு நாள் இருமினார் என்று சொல்லி இருமுவார். கைக்குட்டையை மெல்ல எடுத்து விரித்துக் காட்டுவார். வெள்ளைத் துணியில் சிவப்பு. கூட்டத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். பிறகு தேவதாஸ் ஒரு பேச்சும் பேசாமல் ஒரு மூடி கொக்கு மருந்தை ஊற்றிக் குடிப்பார், நெஞ்சை நிமிர்த்துவார், சிரிப்பார். அவ்வளவுதான். வாய் நிறையப் பேசிய நாளில் விற்றதைவிட இப்போது வியாபாரம் அள்ளிக்கொண்டு போயிற்று.

தெங்கேராவில் ஒரு நாள் மருந்து அதிகாரி ஒருவர் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கடைசிவரை பார்த்தார். கடையைக் கட்டும்போது பக்கத்தில் வந்தார்.

"நீங்க ஒண்ணுமே சொல்லலையே" என்றார்.

"ஒண்ணுமே சொல்லலைங்க ஐயா" என்று தேவதாஸ் பணிவாகக் கும்பிட்டார்.

"சொல்லியிருந்தா நான் கேஸ் போட்டிருப்பேன், ஜனங்களும் இது பொய்யின்னு தெரிஞ்சிக்கிட்டிருப்பாங்க. இப்ப நான் என்னத்தைப் போய் மறுக்கறது?" அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். அந்த வாரம் முழுக்க தேவதாஸ் அவரைப் போலவே நடந்து காட்டி முதலாளியைச் சிரிக்க வைத்தார்.

கலை என்றால் சாதகம் வேண்டாமா? காலையில் முன்வாசலில் சவரம் செய்யும்போது தேவதாஸ் இருமிப் பழகுவார். பக்கத்து வீட்டு பீபிக் சீதா, அதாவது சீதா பெரியம்மா, மலாக்காச் செட்டி வம்சம், நெற்றியில் விபூதி, வாயில் மலாய். வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி, "பாத்தோ லாகி, தேவா? பாகுஸ், பாகுஸ்!" என்பாள். மறுபடியும் இருமலா, பிரமாதம் என்று அர்த்தம். தேவதாஸ் கிண்ணத்தோடு எழுந்து நின்று சலாம் வைப்பார்.

கொஞ்ச நாளில் உள்ளேயிருந்தும் ஓர் இருமல் கேட்க ஆரம்பித்தது. காமாட்சி அடுப்படியில் இருமுவாள். தம்மைக் கேலி செய்கிறாள் என்றுதான் தேவதாஸ் நினைத்தார். அவளுக்கு அந்தக் குறும்பு உண்டு. அவர் பேசுவது மாதிரி பேசிக் காட்டி பீபிக் சீதாவைக் கண்ணில் நீர் வரச் சிரிக்க வைப்பவள்தானே. பீபிக் சீதாவும் அந்த வீட்டில் எப்போது இருமல் கேட்டாலும் அது தேவதாஸின் தொழில் என்று நினைத்துக்கொண்டாள். ஊரில் வேறு எந்த வீட்டிலாவது ஒரு பெண் மாதக்கணக்கில் இருமினால் அக்கம்பக்கம் சும்மா இருந்திருக்குமா?

மெர்டேக்கா கொண்டாட்டத்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்த சமயம். சவர சோப்பும் முகமுமாக தேவதாஸ் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அப்படி இல்லடி, காமாச்சி! நீ மேல் தொண்டையிலேயே இருமுற. அடிவயித்திலேருந்து வரணும்."

காமாட்சி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது, அடுப்புச் சூடு என்று அவர் நினைத்தார். "உங்க மாதிரி வருமாங்க?" என்று சிரித்தாள்.

"பழகப் பழக வரும்" என்றார் தேவதாஸ்.

இந்த ஒரு பேச்சை நினைத்து அவர் பிறகு எத்தனை தரம் தலையில் அடித்துக்கொண்டார் என்பதற்குக் கணக்கில்லை.

விஷயம் வெளியே வந்தது அடுத்த வருஷம் தைப்பூசத்துக்கு முன்னால், தெங்கேரா கடலோரத்தில். நல்ல கூட்டம். உழைப்பாளி அண்ணனின் கதையைச் சொல்லி, இருமி, கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தார். உள்ளங்கையில் ஒளித்திருந்த சிரப் பஞ்சை அதில் அழுத்த வேண்டும். அதற்காக மடிப்பைப் பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். துணியில் ஏற்கெனவே ஒரு கறை இருந்தது.

ரோஸ் சிரப் தண்ணீரில் நனைத்த மாத்திரத்தில் போய்விடும். இது போகவில்லை. தேய்த்துத் தேய்த்துத் துவைத்தும் ஓரம் பழுத்து, பழுப்பாக நின்றது. கைக்குட்டையின் விளிம்பில் நீல நூலில் சின்னத் தையல் வேறு. அது காமாட்சியின் கைக்குட்டை. துவைத்து மடிக்கும்போது அவருடைய கட்டோடு கலந்துவிட்டது.

அடுப்படி இருமல் அத்தனையும் ஒரே நேரத்தில் அவர் காதில் வந்து மோதியது. "காமாச்சி" என்று மட்டும் மைக்கில் சொன்னார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கூட்டம் மூச்சு விடாமல் பார்த்தது. "ஐயோ, இப்ப சம்சாரத்துக்கும் வந்திருச்சாம்" என்று முன்வரிசையில் ஒருத்தி பக்கத்துக்காரிக்கு விளக்கினாள். அவர் பெட்டியிலிருந்து இறங்கி நடந்ததும் ஜனங்கள் வேனை மொய்த்துக்கொண்டார்கள். ஒரு பாட்டில் மிச்சமில்லாமல் போயிற்று. "இன்னிக்கு மாதிரி நீ என்னிக்குமே பண்ணதில்ல, தேவதாசு!" என்று முதலாளி பின்னாலேயே கத்தியது தெரு முனை வரை கேட்டது.

வீட்டில் காமாட்சி ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டதும் சொல்லிவிட்டாள்.

"பந்தல் போட்டாங்களே, அதுக்கு முன்னாலேருந்தே இருக்கு. மருந்துக்காரர் பொண்டாட்டியே இருமுறான்னு வெளிய தெரிஞ்சா உங்க வியாபாரம் என்னாகும்? அதான் சொல்லல. நீங்க பயப்படாதீங்க. நம்ம மருந்தைக் குடிச்சிட்டுத்தான் வர்றேன்."

தேவதாஸ் வாடகை வண்டி கூப்பிட வாசலுக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஜெயபாலன் பழைய பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால்கூட தேவதாஸுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "ரெண்டு பக்கமும் இருக்குண்ணே. ஆனா கைவிட்டுப் போயிடல. ஊசி நாங்க போட்டுடுவோம். மாத்திரைதான் கஷ்டம். பெரிசு பெரிசா இருக்கும், குமட்டும், மாசக்கணக்கா விடாம முழுங்கணும். முழுங்கினா பொழைச்சுக்குவாங்க. அதை மட்டும் பார்த்துக்குங்க" என்றார்.

அதை மட்டும்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. காமாட்சிக்கோ அந்த மாத்திரையைக் கண்டாலே வயிற்றைப் புரட்டியது. வார்டில் சேர்த்த நாளிலிருந்து பாதியை வாந்தி எடுத்தாள், மீதியைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தாள். ஜெயபாலன் கண்டுபிடித்து தேவதாஸைக் கூப்பிட்டனுப்பினார்.

"இது என்ன கருமாந்திரம், தொண்டையிலேயே நிக்கிது" என்றாள் காமாட்சி. "நம்ம மருந்துல ஒரு பாட்டில் எடுத்தாந்து குடுங்க, போதும். தப்பு என்மேலதான். விக்கிற சரக்காச்சே, வீணாக்கக் கூடாதேன்னு பாதிக்குப் பாதி தண்ணி ஊத்திக் குடிச்சேன். அதான் கேக்கல. இனிமே தண்ணி ஊத்தாம குடிக்கிறேன்."

தேவதாஸ் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். கல்யாண நாளிலிருந்து தள்ளிப்போட்டதைச் சொல்ல அந்த இரும்புக் கட்டில்தான் கிடைத்தது.

"அது மருந்தே இல்ல, காமாச்சி. சீனிப்பாகு. அதிமதுரம். இந்த நோய்க்கு அது ஒண்ணுமே செய்யாது. எனக்கு முன்னாலேயே தெரியும். நான் சொன்னதெல்லாம் பொய்."

காமாட்சி அவரையே பார்த்தாள். மெல்ல அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. பெட்டிமேல் அவர் நிற்பதை முதன்முதலில் பார்த்தாளே, அதே முகம்.

"மாத்திரையை முழுங்க வைக்கணும்னு என்னவெல்லாம் பேசறீங்க! எங்கப்பாவை யாருங்க பொழைக்க வெச்சது?"

"உங்கப்பாவுக்கு வெயில் வந்ததும் தானா சரியாப்போச்சு!"

"சரி, சரி. நீங்க நல்லாப் பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

தேவதாஸ் சத்தம் போட்டார். கெஞ்சினார். கொக்கு மேலும் காமாட்சி தாலி மேலும் சத்தியம் செய்தார். வார்டில் மற்ற நோயாளிகள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஊரையே நம்ப வைத்த குரல் அது. அதை வைத்து ஒரே ஒருத்தியை ஓர் உண்மையை நம்ப வைக்க அவரால் முடியவில்லை. ஜெயபாலன் வந்து, "அவர் சொல்றது நெசந்தாம்மா" என்றதற்கு, "நீங்களும் கூட்டா டிரெஸ்ஸரய்யா?" என்று கேட்டுவிட்டாள்.

கடைசியில், அவர் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் முழுங்குகிறேன் என்றாள். அவர் எதிரில் இருக்கும்போது முழுங்கினாள். தேவதாஸ் முதலாளியிடம் வேலையை விட்டார். காலையும் மாலையும் வார்டே கதி என்று கிடந்தார். முதலாளி ஒரு தடவை பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார், இருமுவதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டார். குருபோங் நிலத்தில் அவர் கடைசிவரை மிஷின் போடவில்லை. மருந்தாளரும் மிஷினுமாகப் பெரிய கம்பெனிகள் வந்தபோது கொக்கைச் சீந்துவாரில்லை.

காமாட்சி தேறுவது போலக் காட்டினாள், பிறகு இறங்கினாள். ஜெயபாலனுக்கே புரியவில்லை. மாத்திரை உள்ளே போகிறவர்களுக்கு இந்நேரம் எடை ஏறியிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மழைக்காலம் தொடங்கிய ஒரு பிற்பகலில் அவள் போய்விட்டாள்.

நர்ஸ் அவளுடைய சாமான்களை எடுத்துக் கொடுத்தாள். சீப்பு, கண்ணாடி வளையல், நீலத் தையல் போட்ட கைக்குட்டையில் இறுக்கிக் கட்டிய ஒரு மூட்டை. பிரித்தால் மாத்திரைகள். வாயில் ஒதுக்கி வைத்திருந்து, அவர் படியிறங்கியதும் துப்பியவை, ஓரம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கட்டிலுக்கு அடியில் துணிப்பைக்குள் கொக்கு மார்க் பாட்டில்களும் இருந்தன. பீபிக் சீதா வார்டின் ஓரத்தில் நின்று விம்மிக்கொண்டிருந்தாள். காமாட்சி கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன், உன் மருந்துதானே தேவா என்று அவள் மலாயில் சொன்னது முழுசாகக் கூட வெளியே வரவில்லை.

கடைசிப் பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தேவதாஸ் மூடியைத் திறந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். திகட்டியது. அவள் சொன்ன சொல் தவறவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்கவில்லை.